ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முதல் சில வாரங்களுக்கான ஜெர்மன்: கேள்வியோடு பதிலையும் சேர்த்துப் படியுங்கள்

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்பும் பலரும், "பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானே, ஜெர்மனை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள். வகுப்பறைக்குள் அது சரிதான். வெளியே வந்ததும் நிலைமை வேறு. மென்ஸாவில் (பல்கலைக்கழக உணவுக்கூடம்) பரிமாறுபவர், விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹௌஸ்மைஸ்டர், நூலக மேசையில் இருப்பவர், அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் என்று எல்லாமே பெரும்பாலும் ஜெர்மன்தான்.

தொடக்கப் புத்தகங்கள் கேள்வி கேட்க நன்றாகவே சொல்லித்தருகின்றன. நீங்களும் மனப்பாடம் செய்து அழகாகக் கேட்டுவிடுவீர்கள். எதிரில் இருப்பவர், இவருக்கு ஜெர்மன் தெரியும் போலிருக்கிறது என்று முழு வேகத்தில் பதில் சொல்வார். பேச்சு நின்றுபோவது அங்கேதான். அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி, அதற்கு வரக்கூடிய இரண்டு மூன்று பதில்கள் என்று சேர்த்தே படியுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த முறையில்தான் அமைந்திருக்கின்றன.

படி 1: ஒலிகளுக்கு ஒரு மாலைப்பொழுது

முதலில் ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். இது கைத்தடி மாதிரிதான். தமிழில் க, ட, ப ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் ஒரே எழுத்தில் அடங்கிவிடும், ஜெர்மனில் அவை வேறு வேறு எழுத்துகள். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒருமுறையாவது ஒலிப்பதிவில் கேட்டுவிடுங்கள்.

ஆங்கில எழுத்துப் பழக்கத்தில் இடறுகிற இடங்கள் இவை: டபிள்யூ எழுத்து 'வ' என்று ஒலிக்கும். வி எழுத்து பெரும்பாலும் 'ஃப'. இஸட் எழுத்து 'ட்ஸ'. சொல்லின் தொடக்கத்தில் எஸ்-டி, எஸ்-பி சேர்ந்து வந்தால் 'ஷ்ட', 'ஷ்ப'. ஈ, ஐ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வந்தால், இரண்டாவதாக நிற்கும் எழுத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

மேலே இரண்டு புள்ளி வைத்த யு எழுத்துக்கு, வாயை 'ஊ' சொல்வதுபோல் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லுங்கள். புள்ளி வைத்த ஓ எழுத்துக்கு, 'ஓ' போலக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினால் சீக்கிரம் வந்துவிடும். 'நான்' என்பதற்கான சொல்லை 'இஷ்' என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் அது 'ஷ்'க்கும் 'ஹ்'க்கும் நடுவில் வரும் மெல்லிய காற்றொலி.

படி 2: பேச்சு அறுந்துபோகாமல் காக்கும் நான்கு வாக்கியங்கள்

வேறு எதைப் படிப்பதற்கும் முன்னால் இவை நாக்கில் நிற்க வேண்டும்.

எண்ட்ஷுல்டிகுங்: மன்னிக்கவும்.
நோஹ் ஐன்மால், பிட்டெ: இன்னொரு முறை சொல்லுங்கள்.
லங்ஸாமர், பிட்டெ: கொஞ்சம் மெதுவாக.
இஷ் லெர்னெ நோஹ் டோய்ட்ஷ்: நான் இன்னும் ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கடைசி வாக்கியத்தைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னால் அவர்களும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உங்களுக்குப் பயிற்சி போய்விடும்.

படி 3: மென்ஸா

தினமும் போகிற இடம், தினமும் அதே கேள்விகள். இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. பலகையில் ஒவ்வோர் உணவுக்கும் பெரும்பாலும் மூன்று விலை போட்டிருக்கும்: மாணவர்களுக்கு, ஊழியர்களுக்கு, வெளியாட்களுக்கு. மாணவர் விலைக்கு உங்கள் அட்டை வேண்டும். பல ஊர்களில் அந்த அட்டையில்தான் பணம் ஏற்ற வேண்டும். அதற்கு 'ஔஃப்லாடன்' என்று பெயர், எந்திரத்தின் மேலேயே எழுதியிருக்கும்.

கேட்பது: இஷ் ஹெட்டெ கெர்ன் டாஸ் டா. 'எனக்கு அது வேண்டும்' என்று பொருள். கையைக் காட்டிக்கொண்டே சொல்லலாம், உணவின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அசைவம் சாப்பிடாதவர்களுக்கு: இஸ்ட் டா ஃப்லைஷ் ட்ரின்? இதில் இறைச்சி இருக்கிறதா?

இப்போது பதில்கள். 'நைன், வேகெட்டாரிஷ்' என்றால் சைவம். 'ஷ்வைன்' பன்றி, 'ரிண்ட்' மாடு, 'ஹென்ஷன்' கோழி, 'பூட்டெ' வான்கோழி. இவற்றோடு 'ஷ்பெக்' என்ற சொல்லையும் காதில் பதித்துக்கொள்ளுங்கள். பன்றி இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பருப்பு சூப் போன்றவற்றில் போட்டிருப்பார்கள். பார்வைக்குக் காய்கறி மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் 'மிட் ஷ்பெக்?' என்று கேட்டாலே போதும்.

பிறகு பரிமாறுபவர் கேட்பார்: மிட் ஸோஸெ? குழம்பு ஊற்றட்டுமா? இங்கே வெறுமனே 'டங்க்கெ' என்று சொல்லாதீர்கள். தருகிற பொருளைப் பார்த்து நன்றி என்று மட்டும் சொன்னால், வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் 'யா, பிட்டெ', வேண்டாமென்றால் 'நைன், டங்க்கெ'.

காசாளர் கேட்பவை: 'ட்ஸுஸாமன்?' (எல்லாம் சேர்த்தா?), 'கார்ட்டெ ஓடர் பார்?' (அட்டையா, ரொக்கமா?), 'ஸோன்ஸ்ட் நோஹ் வாஸ்?' (வேறு ஏதாவது?). கடைசிக் கேள்விக்குப் பதில்: டாஸ் இஸ்ட் ஆலெஸ்.

உட்காரும் முன் ஒரு வாக்கியம்: இஸ்ட் ஹீயர் நோஹ் ஃப்ரை? இங்கே இடம் காலியா? அதற்கு வரும் 'யா, க்லார்' என்ற பதிலிலிருந்துதான் பல நட்புகள் தொடங்குகின்றன. தட்டைக் கொண்டுபோய் வைப்பதும் நம் வேலைதான், மேசையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

படி 4: எண்களும் நேரமும்

ஒன்று முதல் பன்னிரண்டு வரை மனப்பாடம்தான், வேறு வழியில்லை. 21-லிருந்து ஒன்றாம் இடம் முன்னால் வரும். 24 என்பது 'ஃபீயர் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்', அதாவது நான்கும் இருபதும். அறை எண் சொல்லும்போது இதில்தான் 24-ம் 42-ம் இடம் மாறிப்போகும். மாட்ரீகெல்நும்மர் என்ற மாணவர் பதிவு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தொலைபேசியில் இரண்டுக்கு 'ட்ஸ்வை' என்பதற்குப் பதில் 'ட்ஸ்வோ' என்று சொல்வதைக் கேட்பீர்கள். மூன்றைக் குறிக்கும் 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்கத்தான் அப்படி.

நேரத்தில் கவனமாக இருங்கள். 'ஹல்ப் ட்ரை' என்றால் இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்பது கணக்கு. இதை மூன்றரை என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள். குழப்பமாக இருந்தால் 'ஃபீயர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஷ்?' (14.30-ஆ?) என்று திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கால அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் 'ட்ஸே.டே.' (c.t.) என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். லத்தீன் சொற்களின் சுருக்கம் அது, வழக்கமும் பழையது. 'எஸ்.டே.' (s.t.) என்றிருந்தால் சரியாக 10 மணிக்கு. இந்தக் கால் மணி நேரச் சலுகை பல்கலைக்கழக வகுப்புகளுக்கு மட்டும்தான். மருத்துவர், அரசு அலுவலகம் எங்கேயும் செல்லாது.

படி 5: அலுவலகத்தில் பெயரை எழுத்துக்கூட்டுவது

நம் பெயர்கள் அவர்களுக்குப் புதிது. நீங்கள் போன உடனே வரும் கேள்வி: வீ ஷ்ரைப்ட் மன் டாஸ்? எப்படி எழுதுவது? ஆங்கில எழுத்துப் பெயர்களைச் சொன்னால் வம்பு. ஆங்கிலத்தில் 'ஏ' என்று நாம் சொல்லும் முதல் எழுத்தை அவர்கள் ஐந்தாவது எழுத்தாகக் கேட்பார்கள், நாம் சொல்லும் 'ஈ'யை ஒன்பதாவது எழுத்தாக எழுதுவார்கள். ஏனென்றால் ஜெர்மனில் அந்த மூன்றும் 'ஆ', 'ஏ', 'ஈ'. விஜய் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஃபௌ, ஈ, யோட், ஆ, ய்ப்ஸிலோன். செந்தில்: எஸ், ஏ, என், டே, ஹா, ஈ, எல். உங்கள் பெயரை இப்படிப் பாட்டு மாதிரி சொல்லிப் பழகுங்கள்.

படிவத்தில் 'ஃபோர்னாமெ' என்பது உங்கள் பெயர், 'நாஹ்னாமெ' என்பது குடும்பப் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரோ முதலெழுத்தோதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே வரிசையில் எல்லா இடத்திலும் எழுதுங்கள். வங்கியில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி என்று போனால் பின்னால் அலைச்சல்.

கேட்பது: இஷ் ப்ரௌஹெ ஐனெ பெஷைனிகுங். எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டும்.

வரக்கூடிய பதில்கள்: 'ஹாபன் ஸீ ஐனன் டெர்மீன்?' (நேரம் வாங்கியிருக்கிறீர்களா?), 'டாஸ் கொன்னன் ஸீ ஒன்லைன் மாஹன்' (அதை இணையத்திலேயே செய்யலாம்), 'ஹாபன் ஸீ ஈரன் ஔஸ்வைஸ் டாபை?' (அடையாள அட்டை கையில் இருக்கிறதா?). இந்த மூன்றையும் காதால் கேட்டுப் பழகிவிட்டால் அலுவலக வேலை பெரும்பாலும் முடிந்த மாதிரி.

படி 6: நூலகம், தமிழ் கைகொடுக்கும் இடம்

பல நூலகங்களில் பையை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். 'ஷ்லீஸ்ஃபாஹ்' என்ற பூட்டுப்பெட்டியில் வைக்க வேண்டும். சிலவற்றுக்கு நாணயம் போட வேண்டும், ஒன்றோ இரண்டோ யூரோ நாணயம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: இஷ் மொஷ்ட்டெ டாஸ் பூஹ் ஃபெர்லெங்கர்ன். புத்தகத்தின் தவணையை நீட்டிக்க விரும்புகிறேன் என்று பொருள். இதில் 'நீட்டிக்க' என்ற வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாக யோசித்தால் அதை நடுவில் வைக்கத் தோன்றும். தமிழ் வழியாக யோசித்தால் தானாகவே கடைசிக்குப் போய்விடும். 'வைல்' என்ற காரணச் சொல்லுக்குப் பிறகும் இதே கதைதான்: வைல் இஷ் க்ராங்க் பின். நான் நோயாக இருப்பதால். குளிரைச் சொல்லும்போதும் 'எனக்கு' என்றே தொடங்குகிறார்கள்: மீயர் இஸ்ட் கால்ட், எனக்குக் குளிர்கிறது. இலக்கணத்தை ஆங்கில விளக்கத்தில் படித்தாலும், வாக்கியம் அமைக்கும்போது ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் மேலே சொன்ன இடங்களில் நிறையச் சிரமம் குறையும்.

டேர், டீ, டாஸ் என்ற முன்சொற்கள் காட்டும் மூன்று பால்களைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். பெயர்ச்சொல்லை அதன் முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், அது போதும்.

படி 7: வகுப்பும் பேராசிரியரும்

நமக்கு நீ, நீங்கள் இருப்பதுபோல் அங்கே 'டு', 'ஸீ'. மாணவர்கள் ஒருவருக்கொருவர் முதல் நாளிலிருந்தே 'டு'தான். பேராசிரியர், அலுவலர் எல்லோரும் 'ஸீ'. அவர்களாகவே 'டு' என்று சொல்லச் சொன்னால் மட்டும் மாறுங்கள்.

இஷ் ஹாபெ ஐனெ ஃப்ராகெ: எனக்கு ஒரு கேள்வி. டாஸ் ஹாபெ இஷ் நிஷ்ட் ஃபெர்ஷ்டாண்டன்: அது எனக்குப் புரியவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே கைதட்டல், நீங்களும் தட்டுங்கள்.

மின்னஞ்சலை 'ஸேயர் கேயெர்ட்டெ ஃப்ரௌ ப்ரொஃபெஸோரின்' என்றோ 'ஸேயர் கேயெர்ட்டர் ஹெர் ப்ரொஃபெஸோர்' என்றோ தொடங்கி, குடும்பப் பெயரைச் சேர்த்து, காற்புள்ளி வையுங்கள். அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். முடிவில் 'மிட் ஃப்ரோய்ண்ட்லிஷன் க்ர்யூஸன்', கீழே உங்கள் பெயர், மாட்ரீகெல்நும்மர். நேரில் பார்க்க வேண்டுமென்றால் 'ஷ்ப்ரெஷ்ஷ்டுண்டெ' என்ற சந்திப்பு நேரம் எப்போது என்று பாருங்கள்.

படி 8: தேர்வுப் பதிவு

இந்தப் படியில் முக்கியமானது ஒரே ஒரு சொல்தான், ஆனால் தெரியாமல் இருந்தால் ஒரு பருவமே போய்விடலாம்: 'ப்ர்யூஃபுங்ஸான்மெல்டுங்'. வகுப்புக்கு ஒழுங்காகப் போவதால் மட்டும் தேர்வெழுத முடியாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசி நாள் உண்டு. கடைசி நாளுக்குச் சொல் 'ஃப்ரிஸ்ட்'. மின்னஞ்சலில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அன்றே முழுதும் படித்துவிடுங்கள். மதிப்பெண் 1,0 என்றால் மிகச் சிறப்பு, 4,0 வரை தேர்ச்சி, 5,0 தோல்வி. பட்டியலில் 'பெஷ்டாண்டன்' என்று இருந்தால் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். ஊரில் வீட்டாரிடம் மதிப்பெண் சொல்லும்போது, அங்கே எண் குறையக் குறைய நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

படி 9: எங்கே, எப்படிப் பழகுவது

கிளம்பும் முன் நேரம் இருந்தால், மேக்ஸ் முல்லர் பவன் என்று நம் ஊரில் அறியப்படும் கோத்தே நிறுவனம் சென்னையில் இருக்கிறது, ஏ1 என்ற தொடக்க நிலையிலிருந்து தொடங்கலாம். பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு டோய்ட்ஷெ வெல்லெ ஒலிபரப்பின் இணையப் பாடங்கள் இலவசம். அங்கே போன பிறகு பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்புகளைப் பாருங்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், வகுப்புகள் தொடங்கும் அக்டோபர் நடுப்பகுதி வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு வாரத்துக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் மென்ஸா. கேள்விகளை உங்கள் குரலிலும், பதில்களை ஜெர்மன் பேசுபவர் குரலிலும் கைப்பேசியில் பதிவு செய்து, பேருந்தில் போகும்போது பதில்களை மட்டும் கேளுங்கள். பதிலைக் கேட்டதும் அதற்கான கேள்வி எது என்று சொல்லிப் பார்ப்பதுதான் பயிற்சி.

அப்புறம் டான்டெம் என்று ஓர் ஏற்பாடு உண்டு: நீங்கள் ஒருவருக்கு உங்கள் மொழி, அவர் உங்களுக்கு ஜெர்மன். எல்லோரும் ஆங்கிலத்தையே தருவதாக எழுதுவார்கள். நீங்கள் தமிழையும் எழுதுங்கள். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் படிக்கும் ஜெர்மன் மாணவர்கள் உண்டு, மற்ற ஊர்களிலும் தமிழில் ஆர்வம் உள்ளவர் கிடைக்கலாம். முதல் சந்திப்புக்கு இந்த மென்ஸா வாக்கியங்களையே எடுத்துக்கொண்டு போங்கள். அவரைப் பரிமாறுபவராக நடிக்கச் சொல்லி, முழு வேகத்தில் பேசச் சொல்லுங்கள்.