குடியை நிறுத்த விரும்புவோர் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தை வடசென்னையில் கண்டறிவது எப்படி?

பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும் என்பதால், முதலில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அருகில் எந்தக் கிழமையில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதை அங்கேயே கேளுங்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446-இலும் விசாரிக்கலாம்.

1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் கூடுவது வழக்கமாதலால், ராயபுரம், பெரம்பூர் பக்கம் இருப்பவர்கள் அத்தகைய இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். இடம்தான் தேவாலயம், அமைப்பு எந்த மதத்தையும் சார்ந்ததன்று.

கூட்டம் தமிழில் நடக்கிறதா, உங்கள் ஷிப்டுக்கு ஒத்துவருமா, குடும்பத்தினரும் அமரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்பவற்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். போகும் வழியில் டாஸ்மாக் கடை இருந்தால் நான்கு தெரு சுற்றிப் போனாலும் தவறில்லை.

கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கூட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் தம் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று பேசத் தொடங்குவார். உங்கள் முறை வரும்போது பேச விருப்பமில்லையெனில், கேட்க மட்டுமே வந்தேன் என்று சொல்லிவிடலாம். உண்டியல் சுற்றி வந்தால் புதியவர் காசு போட வேண்டிய கட்டாயமில்லை. முதல் குழு ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் வேறொரு குழுவுக்குச் செல்லுங்கள். மனைவிக்கும் பெற்றோருக்கும் அல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் உண்டு.