சாவனதுர்கா பாறைப் படத்தைக் காபி மக்கில் இறக்குவது எப்படி?

பெங்களூரில் இருப்பவர்கள் பாறை படத்துக்காக இணையத்தில் தேடவே வேண்டாம். அடுத்தவர் வரைந்ததையோ எடுத்ததையோ கேட்காமல் போடுவதும் தப்பு. மாகடி பக்கம் விடியற்காலையில் போனால் சாவனதுர்கா நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர். நான் முதலில் போட்ட மக்கும் அதுதான். மலை முழுவதையும் நடுவில் வைத்தேன், அண்ணி பார்த்துவிட்டு "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்று கேட்டார்.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. 11 அவுன்ஸ் மக்கில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம். ஒரு பட்டை, அவ்வளவுதான். அதில் முழு மலையை அடைத்தால் சுருங்கிப்போகும். அதனால் ஒரே ஒரு செங்குத்துச் சுவரை மட்டும் வெட்டியெடுத்து, கீழிருந்து கிட்டத்தட்ட மேல் விளிம்பு வரை நிறுத்துங்கள், பக்கத்தில் வெறும் பனிமூட்டம் இருக்கட்டும். பக்கத்தில் வெறுமை இருந்தால்தான் பாறை உயரமாகத் தெரியும். பாறையைப் பட்டையின் வலது பக்கம் வையுங்கள்: வலது கையில் பிடித்துக் குடிப்பவர் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மேலேயும் கீழேயும் அரை செ.மீ.க்குள் முக்கியமாக எதுவும் வைக்க வேண்டாம், சூடேற்றும்போது அங்கே அழுத்தம் சரியாக விழாமல் வெளிறிவிடும்.

இன்னொன்று, சப்ளிமேஷனில் (பேப்பரில் அடித்த மையைச் சூட்டால் மக்குக்கு மாற்றும் இந்த முறையில்) வெள்ளை மை கிடையாது. நீங்கள் பார்க்கும் பனி, மக்கின் சொந்த வெள்ளைதான். ஆகவே பனி சாம்பலாக இருந்தால் எடிட் செய்யும்போதே நன்றாக வெளுத்துவிடுங்கள், பாறை நிழலை மட்டும் கருக்கவிடுங்கள்.

சரி, இனி வேலை. படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது சுமார் 2362 × 1063 பிக்சலில் சேமித்து, இடவலமாகத் திருப்பி, சப்ளிமேஷன் மையில் சப்ளிமேஷன் பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். பேப்பரில் மங்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், சூடு பட்டதும் நிறம் எழும். பிரிண்டரும் மக் பிரஸ்ஸும் (மக்கைச் சுற்றி அழுத்திச் சூடேற்றும் கருவி) முதல் நாளே வாங்காதீர்கள். அல்சூரில் நான் போகும் ஸ்டுடியோ மாதிரி போட்டோ மக் போடுகிற கடை எல்லா ஏரியாவிலும் இருக்கிறது, ஃபைலைக் கொடுத்தால் போதும்.

வீட்டிலேயே செய்வதானால் பாலிமர் பூச்சுள்ள மக் என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண மக்கில் ஒட்டாது. பேப்பரில் காய்ந்த மை சூட்டில் உருகாமல் நேராக ஆவியாகி அந்தப் பூச்சுக்குள் போய் உட்காருகிறது. மக்கைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து (மழைக்காலத்தில் பேப்பரும் ஈரம் இழுக்கும், கவரை மூடியே வையுங்கள்), பேப்பரை இறுக்கிச் சுற்றி, சூடு தாங்கும் டேப்பால் ஒட்டுங்கள். துளி தளர்ந்தாலும் பாறைக்கு இரட்டை விளிம்பு வரும்.

பிரஸ்ஸில் 180 டிகிரி செல்சியஸ், 180 விநாடி என்று தொடங்கலாம். எடுத்ததும் கையுறையோடு டேப்பைக் கிழித்து, பேப்பரைத் தேய்க்காமல் ஒரே இழுப்பில் உரியுங்கள். பேப்பரில் வெளிறிய பாறை ஒன்று தங்கியிருக்கும், மக்கில் மழைநீர் வழிந்த கருங்கோடுகள்கூடத் தெரியும். தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிடுங்கள். கருப்பு பழுப்படித்திருந்தால் அடுத்த மக்குக்கு 20 விநாடி குறையுங்கள், வெளிறியிருந்தால் கூட்டுங்கள்.