திரியாத க்ரீம், பிளக்காத டோர்ட்டியா: வாரநாள் இரவுக்கு சிக்கன் என்சிலாடா

மெல்லிய ரொட்டி மாதிரியான டோர்ட்டியாவில் கறி வைத்துச் சுருட்டி, மேலே சாஸ் ஊற்றிச் சுடும் மெக்சிகோ உணவுதான் என்சிலாடா. முதல் முறை அதைச் செய்தபோது, பாக்கெட்டைப் பிரித்து மக்காச்சோள டோர்ட்டியாவை அப்படியே சுருட்டினேன். 12-இல் 11 நடுவில் பிளந்தன. அப்புறம், சாஸ் தளதளவென்று கொதிக்கும்போதே க்ரீமைக் கொட்டினேன். அது திரிந்து தனியாக, தண்ணீர் தனியாக நின்றது. வீட்டில் திட்டவில்லை, 'மெக்சிகோ கொத்து பரோட்டா' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். இந்த இரண்டு இடங்களில்தான் கவனம் வேண்டும். மற்றதெல்லாம் வேகவைப்பதும் அரைப்பதும்தான்.

என்சிலாடா என்ற பெயரிலேயே மிளகாய் இருக்கிறது. 'மிளகாய் சேர்த்தது' என்றுதான் அர்த்தம். க்ரீமும் சீஸும் சேரும் வகையை மெக்சிகோவில் 'சுயிசாஸ்' என்பார்கள், அதாவது சுவிட்சர்லாந்துப் பாணி. பால் பொருட்கள் தாராளமாக இருப்பதால் வந்த பெயர். மெக்சிகோ நகரத்தில், வெளிச்சுவர் முழுக்க நீல வெள்ளை ஓடு பதித்த பழைய மாளிகையில் இருக்கும் சான்பார்ன்ஸ் உணவகம் இதற்குப் பேர்போனது. அமெரிக்க வீடுகளில் வெண்ணெயில் மைதா வறுத்து வெள்ளை சாஸ் வைப்பதும் உண்டு. எனக்கு அது திகட்டும். டொமாட்டியோ என்ற மெக்சிகோக் காயின் புளிப்பு இருந்தால்தான் க்ரீம் வாயில் கனக்காது.

தேவையானவை (4 பேருக்கு)

15 செ.மீ. அகல சோள டோர்ட்டியா 12, எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 500 கிராம், டொமாட்டியோ 500 கிராம், பச்சை மிளகாய் 2 அல்லது 3 (அங்கே செர்ரானோ போடுவார்கள்), வெங்காயம் 1, பூண்டு 3 பல், ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, சவர் க்ரீம் முக்கால் கப், மான்டெரே ஜாக் மாதிரி நன்றாக உருகும் சீஸ் 200 கிராம், எண்ணெய், உப்பு. சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவி விற்பதில், ஒட்டாமல் இருக்க மாவுத்தூள் சேர்த்திருப்பார்கள், வழவழவென்று உருகாது.

1. கோழி

பாதி வெங்காயம், ஒரு பல் பூண்டு, உப்பு போட்டு, கறி மூழ்கும் அளவு தண்ணீரில் 20 நிமிடம் மெல்லிய கொதியில் வேகவையுங்கள். வெப்பமானி இருந்தால் கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஆறியதும் நார்நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சாஸுக்கு வேண்டும். வேலைவிட்டு வந்து களைத்துப்போன நாளில் கடையில் சுட்ட கோழியை வாங்கிப் பிய்த்துப் போட்டாலும் சரிதான்.

2. பச்சை சாஸ்

டொமாட்டியோ என்பது காய்த்தக்காளி இல்லை. நம் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவு. அதே மாதிரி காகித உறைக்குள் இருக்கும். உறையை உரித்தால் தோலில் ஒரு பிசுபிசுப்பு கையில் ஒட்டும். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும். டொமாட்டியோவையும் மிளகாயையும் தண்ணீரில் போட்டு, பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வரும்வரை, சுமார் 8 நிமிடம் வேகவிடுங்கள். தோல் வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

மீதி வெங்காயத்தில் பாதி, 2 பல் பூண்டு, கொத்தமல்லி, உப்பு சேர்த்து மிக்ஸியில் அரையுங்கள். மிச்ச வெங்காயம் கடைசியில் மேலே தூவ. வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அரைத்ததை ஊற்றுங்கள். சர்ரென்று பொங்கித் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அரை கப் கோழித் தண்ணீர் விட்டு, பச்சை வாசனை போக 5 நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இப்போதுதான் க்ரீம். அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து, இரண்டு கரண்டி சூடான சாஸை அதில் விட்டுக் கலக்கி, அப்புறம் மொத்தத்தையும் வாணலியில் சேருங்கள். மோர்க்குழம்புக்குக் காட்டும் அதே பொறுமைதான். திரும்ப அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். பாட்டில்களில் வரும் பச்சை சல்சா 2 கப் எடுத்தால் இந்த வேலை பாதியாகும். உப்பை மட்டும் ருசி பார்த்துப் போடுங்கள்.

3. டோர்ட்டியா

சின்ன வாணலியில் அரை விரற்கடை உயரத்துக்கு எண்ணெயைச் சூடாக்குங்கள். ஒவ்வொரு டோர்ட்டியாவையும் பக்கத்துக்கு 5 முதல் 10 விநாடி முக்கி எடுங்கள். துணி மாதிரித் துவள வேண்டும். அப்பளமாகப் பொரிந்துவிட்டால் சுருட்டும்போது நொறுங்கும். எண்ணெயை வடியவிட்டு அடுக்கி வையுங்கள். இந்தக் குளியல் டோர்ட்டியாவை வளைக்க மட்டுமில்லை. மேலே எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் சாஸ் உடனே உள்ளே இறங்கி அதைக் கூழாக்காது. கோதுமை டோர்ட்டியா இதற்குச் சரிப்படாது என்பது என் கட்சி. சாஸில் ஊறி நமத்த பிரெட் மாதிரி ஆகிவிடுகிறது.

4. சுருட்டி, சுடுவது

ஓவனை 200 டிகிரியில் சூடாக்குங்கள். பிய்த்த கோழியில் நாலு கரண்டி சாஸும் ஒரு பிடி சீஸும் பிசறுங்கள். ஓவன் தட்டின் அடியில் ஒரு கரண்டி சாஸ் பரப்பி, டோர்ட்டியாவில் இரண்டு மேசைக்கரண்டி கறி வைத்துச் சுருட்டி, மடிப்பு அடியில் வரும்படி நெருக்கமாக அடுக்குங்கள். ஆசைப்பட்டு அதிகம் திணித்தால் வாய் பிளக்கும். மீதி சாஸ், மேலே சீஸ். எல்லாம் ஏற்கெனவே வெந்தவைதான், 12 முதல் 15 நிமிடம் போதும். சீஸ் அங்கங்கே பொன்னிறமாகக் கொப்பளித்தால் எடுத்துவிடலாம்.

சாஸையும் கோழியையும் முந்தைய நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். சுருட்டி சாஸ் ஊற்றுவதை மட்டும் சாப்பிடும் நேரத்துக்கு விடுங்கள். மெல்லிசாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, சூடு தணிவதற்குள் தட்டில் போடுங்கள்.