கரண்ட் வந்தும் எழும்பாத சர்வீஸ்

ஹட்டனில் மழை பிடித்துவிட்டால் கரண்ட் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும். நாங்கள் கொழுந்து வாங்கும் இடத்தில் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்ட பழைய கணினி ஒன்று, நிறைக் கணக்கை அடுத்த அறைக் கணினியின் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. கரண்ட் வந்ததும் கணினி எழும்பும்; கணக்கை அனுப்பப் பின்னணியில் ஓடும் என் சர்வீஸ் மட்டும் சிவப்பு எழுத்தில் கிடக்கும். கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். அதுதான் எரிச்சல்.

இந்த முறை எழும்பியதிலிருந்து பதிவானதைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -பி' கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்: "நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்", அதாவது நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை. சர்வீஸை எப்போது, எப்படிக் கிளப்புவது என்று சொல்லும் யூனிட் கோப்பில் 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்' என்று எழுதியிருந்தேன். டார்கெட் என்பது கணினி எழும்பும்போது வரும் ஒரு கட்டம். நெட்வொர்க் வந்த பிறகு என்றுதானே அர்த்தம்? இல்லையாம். நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். கணினிக்கு ஐபி முகவரி கிடைத்ததா என்று அந்த டார்கெட் பார்க்காது.

சரி என்று, நெட்வொர்க் நிஜமாகவே இணைந்த பிறகு வரும் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' என மாற்றினேன். அப்போதும் அதே கதை. 'ஆஃப்டர்' வரிசையை மட்டும் சொல்லும், யாரையும் கூப்பிட்டு வராது, கூப்பிடுவது 'வாண்ட்ஸ்'. "அக்கா வந்த பிறகு சாப்பிடு" என்றால் அக்காவுக்கு ஆள் அனுப்பியதாகாது, இல்லையா? இரண்டு வரியையும் எழுதி, மாற்றிய கோப்பைத் திரும்பப் படிக்கச் சொல்லும் 'டீமன்-ரீலோட்' கொடுத்து, ரீபூட் செய்தேன். எழும்பியது.

அப்புறம் ஒன்று. அடுத்த அறைத் தரவுத்தளம் தயாரா என்பது இந்த டார்கெட்டுக்குத் தெரியாது. அதற்காக 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர்', 'ரீஸ்டார்ட்செக்=10' இரண்டையும் சேர்த்துவிட்டேன்; சர்வீஸ் தோற்று விழுந்தால் பத்து விநாடி கழித்துத் திரும்பக் கிளம்பும்.