போட்டோ பிரின்டர் வாங்கும்போது விடுகிற பிழைகள்

கடையில் பிரின்டரின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள், பக்கத்தில் தட்டிப் பார்ப்பார்கள், பாரமாக இருந்தால் நல்ல உறுதி என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூடி உடைந்து போட்டோ பிரின்டர் கெடுவது குறைவு. கெடுவது தாள் போகும் வழியும் மை விடும் ஹெட்டும்தான்.

தாள் எங்கே நுழைகிறது என்று முதலில் பாருங்கள். முன்பக்கத் தட்டில் வைக்கிற தாள் உள்ளே போய், லாடம் போல வளைந்து திரும்பி வரும். 230, 260 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) தடித்த போட்டோத் தாளுக்குப் பல பிரின்டர்களில் அந்த வளைவு ஆகாது: றோலர் வழுக்கும், ஓரம் சுருளும். பின்பக்கத்தால் இறங்குகிற வழி இருந்தால் நல்லது. தாளை இரு பக்கமும் அணைக்கும் வழிகாட்டியை விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் படம் கோணும். வெள்ளை ஓரம் விட்டு 4க்கு 6 அங்குலப் படம் ஒன்றை அடிக்கச் சொல்லி, ஓரங்களை அடிமட்டத்தால் அளந்தால் கோணல் தெரிந்துவிடும். அதே படத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். ஊசி குத்தினதுபோல் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால், தாள் வெளியேறும் இடத்திலுள்ள பல்லுச் சில்லுகள் பதிந்திருக்கின்றன. தாள் வகையைச் சரியாகத் தெரிவுசெய்து இன்னொரு தரம் அடித்தும் அப்படியே வந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் 5760, 4800 டிபிஐ எண்களை ஒப்பிட்டு மினக்கெட வேண்டாம். அது மைத்துளி விழும் நெருக்கம். படத்தின் தெளிவு அல்ல. 4க்கு 6 படத்துக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். ஏ4 அளவுக்கு 2480க்கு 3508 வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்டது. அதை ஏ4இல் அடித்து மங்கல் என்று பிரின்டரைத் திட்டுவது நியாயமில்லை. டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மை விஷயத்தில்தான் கூடுதலானோர் ஏமாறுகிறார்கள். மை ஊற்றும் டாங்க் உள்ள நாலு நிறப் பிரின்டர்கள் பலவற்றில் கறுப்பு மை மட்டும் பிக்மென்ட் வகை, அதாவது கரையாத நிறத் துகள் கலந்த மை. சாதாரணத் தாளில் எழுத்துக்கு அது அருமை. மினுமினுப்பான தாளில் அது ஒட்டாது என்பதால், பிரின்டர் அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்று நிறத்தையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். சாமத்தியவீட்டுப் படத்தில் பிள்ளையின் தலைமயிர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ தெரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆறு நிறப் பிரின்டர்கள் பலவற்றில் இளநீலமும் இளஞ்சிவப்பும் கூட இருப்பதால் முகத்தின் நிறம் புள்ளி தெரியாமல் இறங்கும். கறுப்புத் தலைமயிரும் மாநிறமும் உள்ள முகப்படத்தையே சோதனைக்குக் கொண்டுபோங்கள், கடைக்காரர் வைத்திருக்கும் பூப்படம் எதையும் காட்டாது. அடித்த படத்தைக் கடை லைட்டின் கீழே பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

இனி எங்கள் திருகோணமலையின் காலநிலை. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஹெட்டில் மை காயும். மாரியில் தாள் ஈரம் இழுத்துச் சுருளும். கிழமைக்கு ஒரு படமாவது எல்லா நிறமும் வரும்படி அடியுங்கள். தாளைத் தட்டில் விடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் வையுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் துணியாலும் மூடி வைக்க வேண்டும். உப்பும் மணலும் றோலருக்கு எமன். பிரின்டரைச் சுவர் சுவிட்சில் அணைப்பது பெரிய பிழை. அதன் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் ஹெட் தன் மூடியில் போய் ஒதுங்கும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், வந்ததும் போட்டுவிட்டு முறையாக அணையுங்கள். படத்தில் கோடு விழுந்தால் நொசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைத் தாள்) எடுத்து, இரண்டு மூன்று தரம் மட்டும் கிளீனிங் கொடுத்து, சரிவராவிட்டால் ஒரு இரவு விடுங்கள். ஓயாமல் கொடுத்தால் மையும் போகும், கழிவு மைப் பஞ்சும் நிரம்பும். அந்தப் பஞ்சையோ அது இருக்கும் கழிவு மைப் பெட்டியையோ நாமே மாற்றலாமா, ஹெட்டைக் கழற்றலாமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பிரின்டருக்குப் பின்பக்க லேபிளை வாசியுங்கள்: 120 வோல்ட் மட்டும் என்றால் எங்கள் 230இல் செருகக் கூடாது. சில கொம்பனிகளின் கார்ட்ரிட்ஜ்கள் நாட்டு வலயப்படி பூட்டப்பட்டவை. இங்கே வாங்கும் மை அதில் வேலை செய்யாது.

அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் படத்தை வீட்டில் அடிக்கலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள். அதைப் பதிவுபெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.

திரவ மை இல்லாமல், ரிப்பனில் பூசிய நிறத்தைச் சூட்டால் தாளில் ஏற்றும் சிறு பிரின்டர் எப்போதாவது படம் அடிக்கும் வீட்டுக்குத் தோது, ஏனென்றால் காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம், மேற்பூச்சு என்று தாள் நாலு தரம் உள்ளேயும் வெளியேயும் போய்வரும். பின்னால் ஒரு தாள் நீளத்துக்கு இடம் விடாமல் சுவரோடு ஒட்டி வைத்தால் முட்டி நின்றுவிடும். ஒரு தூசி விழுந்தாலும் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. படத்துக்கு என்ன செலவு என்பது நேரான கணக்கு: தாளும் ரிப்பனும் சேர்ந்த பக்கற்றின் விலையைத் தாள் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். முடிந்த ரிப்பனை அப்படியே குப்பையில் போடாதீர்கள். அடித்த படமெல்லாம் அதில் நெகட்டிவ் போலத் தெரியும், வெட்டிப் போடுங்கள்.