ஆர்32 ஜிடி-ஆரில் பூஸ்ட் ஏற்றுகிறீர்களா? இன்ஜினைக் காவு வாங்கும் தவறுகள் இவை

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32-ல் பூஸ்ட்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றக் காசே தேவையில்லை. சிக்கலே அதுதான். வேஸ்ட்கேட் (பூஸ்ட் வரம்பைத் தாண்டாமல் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் வால்வு) சொலினாய்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸுக்குள் சின்னத் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்று செருகியிருக்கும். ஹோஸின் மேல் மஞ்சள் புள்ளி அடையாளம். அதை உருவிவிட்டால், 0.7 பாரை ஒட்டி நின்ற பூஸ்ட் 0.9, சில கார்களில் 1 பார் வரை போய்விடும். ஐந்து நிமிட வேலை. 1989 முதல் 1994 வரை விற்ற இந்தக் காருக்குக் காகிதத்தில் 280 பிஎஸ்தான். ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட வரம்பு அது. 2.6 லிட்டர் ஆர்பி26 இன்ஜினின் இரும்பு பிளாக் அதைவிட எவ்வளவோ தாங்கும். தாங்காத பாகங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் டர்போ, அதாவது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தும் கருவி. கம்பெனியிலிருந்து வந்த இரண்டு டர்போக்களிலும் டர்பைன் சக்கரம் செராமிக். எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுழன்று பூஸ்ட் கொடுக்கும். ஆனால் அந்தச் சக்கரம் உலோகத் தண்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெப்பமும் வேகமும் சேர்ந்து ஏறினால் ஒட்டு விட்டுப்போகும், அல்லது சக்கரமே நொறுங்கும். தூளில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும். கொஞ்சம் சிலிண்டருக்குள் திரும்பி இழுக்கப்பட்டால் டர்போ செலவோடு இன்ஜின் செலவும் சேர்ந்துகொள்ளும். "1 பார் வரை பயமில்லை" என்பது புதிதாக இருந்த டர்போவுக்குச் சொன்ன கணக்கு. முப்பது வருடம் ஓடிய செராமிக்கை 0.9-க்கு மேல் விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்டீல் சக்கரம் போட்ட டர்போவுக்கு மாறிவிட்டுப் பேசலாம். பந்தயத்துக்காக வந்த நிஸ்மோ பதிப்பிலும் என்1 கார்களிலும் நிசானே உலோகச் சக்கரம்தான் வைத்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: ஃப்ரன்ட் பைப், கேட்டலிட்டிக் எல்லாம் மாற்றி எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிட்டாலே, பூஸ்ட் கன்ட்ரோலரைத் தொடாமலே பூஸ்ட் கூடும். எக்ஸாஸ்ட் வேலைக்குப் பிறகு மீட்டரைப் பார்க்காமல் ரெஸ்ட்ரிக்டரையும் உருவினால் 1 பாரைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

அடுத்த தவறு, நோயுள்ள இன்ஜினில் பூஸ்ட் ஏற்றுவது. கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் ஆறு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்குள், அதாவது சுமார் 14 பிஎஸ்ஐக்குள், இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். ஐட்லிங்கில் 20 டிகிரி பிடிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வருமுன்). காயிலுக்குப் பின்னால் தொங்கும் வயர் லூப்பில் டைமிங் லைட்டை மாட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அந்த லூப் பல நேரம் பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி, பிளக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு பிளக் வயர் கொடுத்து அதில் கிளாம்ப்பை மாட்டிப் பாருங்கள். நான்கைந்து டிகிரி அட்வான்ஸ் தெரியாமலே இருந்துவிட்டால், 0.7 பாரில் சத்தமில்லாமல் ஓடிய இன்ஜின் 0.9-ல் நாக் செய்யும், அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டும்.

இனி பெட்ரோல். பிஸ்டன் உருகும் கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. ஒரிஜினல் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 444 சிசி. ஆறும் சேர்ந்து 85 சதவீத டியூட்டியில் (திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) ஊற்றினால் ஏறத்தாழ 370 முதல் 400 குதிரைத்திறனுக்குத்தான் காணும். பூஸ்ட் 1 பார் ஏறினால் ரெயில் பிரஷரும் (இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம்) 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற வேண்டும். பிரஷர் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். போதாக்குறைக்குப் பழைய வயரிங். இன்ஜின் ஓடும்போது பம்ப்பின் டெர்மினலிலேயே மல்டிமீட்டர் வைத்து, லோடில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து பம்ப்பில் 11.5 வந்தால் புதுப் பம்ப் வாங்கியும் பயனில்லை. ரிலே வைத்துத் தடிமனான வயர் இழுப்பதுதான் வழி. பெரிய இன்ஜெக்டர் போடுகிறவர்கள் இன்னொன்றையும் மறக்கிறார்கள். ஒரிஜினல் லோ-இம்பீடன்ஸ் (மின்தடை குறைந்த) வகை, அதற்கென்று ரெசிஸ்டர் பேக் இருக்கிறது. ஹை-இம்பீடன்ஸ் போட்டால் அந்தப் பேக்கைத் தாண்டி வயர் கொடுக்க வேண்டும்.

காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் முழு பூஸ்ட்டில் 11.5 முதல் 11.8 காட்டினால் நிம்மதி என்று நினைப்பதும் அரைகுறைதான். அந்த சென்சார் இரண்டு டர்போவும் சேரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஆறு சிலிண்டரின் சராசரியைத்தான் சொல்லும். ஒரு இன்ஜெக்டர் அடைத்து 12 சதவீதம் குறைவாக ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 11.6-லிருந்து 11.8-க்குத்தான் நகரும். அந்த ஒரு சிலிண்டரோ பெட்ரோல் போதாமல் 13.2-ல் வெந்துகொண்டிருக்கும். அதனால் ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, சுத்தம் செய்து, ஒரே பெஞ்சில் ஃப்ளோ பார்த்து, 2 சதவீதத்துக்குள் பொருந்தியதை மட்டும் திருப்பிப் போடுங்கள்.

ஆக்டேன் விஷயம் சுருக்கமாக: இந்தக் கார் ஜப்பானின் ஹை-ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. 95 ரான் (ஆக்டேன் அளவு) கிடைக்கும் ஊரில் பூஸ்ட்டைக் கூட்டிவிட்டுப் பழைய மேப்பிலேயே (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பு) ஓட்டாதீர்கள். வெப்பமும் கூடுகிறது. 30 டிகிரி காற்றை 70 சதவீதத் திறனுள்ள டர்போ 0.75 பாருக்கு அழுத்தினால் சுமார் 105 டிகிரியில் வெளியே வரும். 1 பாரில் 125. இன்டர்கூலர் குளிர்விக்கத்தான் செய்யும், ஆனால் சிக்னலில் நின்று சூடேறிய இன்டர்கூலரோடு உடனே முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதுவும் கைவிடும்.

பிளக் மலிவானது, அதனாலேயே அலட்சியம். 1.1 மிமீ இடைவெளியுள்ள பிளக்கில் அதிக பூஸ்ட் தீப்பொறியை ஊதி அணைத்துவிடும், அதிக ஆர்பிஎம்மில் இன்ஜின் திக்கும். என்ஜிகே எண்ணில் 7 உள்ள குளிர்ந்த வகையை 0.8 மிமீ இடைவெளியில் போடுங்கள். என்ஜிகேயில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி. வேறு சில கம்பெனிகளில் கணக்கு தலைகீழ்.

காற்று அளக்கும் மீட்டருள்ள கார் இது என்பதையும் மறக்கக் கூடாது. "புஸ்ஸ்" சத்தத்துக்காகப் புளோ-ஆஃப் வால்வை (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சிய பூஸ்ட்டை விடுவிப்பது) வெளியே திறந்துவிட்டால், அளந்த காற்று வெளியே போய், கியர் மாற்றும்போதெல்லாம் கலவை பெட்ரோல் மிகுந்து இன்ஜின் அணையப் பார்க்கும். மீட்டருக்கும் டர்போவுக்கும் நடுவே விரிசல் இருந்தால் எதிர்மாறு: அளக்காத காற்று நுழைந்து கலவை மெலியும், இதுதான் ஆபத்து. பூஸ்ட் ஏற்றுமுன் இன்டேக்கை அடைத்து 1 பார் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஹோஸ்களுக்குப் புதிது போட்டு கிளிப்பும் மாட்டுங்கள். அதில் ஒன்று கழன்றாலே அந்த டர்போவுக்குக் கடிவாளம் கிடையாது.

எலக்ட்ரானிக் கன்ட்ரோலரைப் பூஜ்யம் டியூட்டியில் தொடங்கி, ஆக்சுவேட்டர் மட்டும் எவ்வளவு பூஸ்ட் கொடுக்கிறது என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து 0.05 பாராக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நாக், கலவை இரண்டையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். டைனோ (காரை உருளைகளில் ஓட்டிச் சக்தி அளக்கும் கருவி) என்றால் நான்கு சக்கர டைனோ. பின்சக்கரம் மட்டும் சுழலும் டைனோவில் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றாமல் ஏற்றினால் முன்சக்கரங்களுக்குச் சக்தி பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கெடும்.

கடைசியாக, ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் வேக வரம்பு) அடித்துக்கொண்டே நிற்கும் பழக்கம். ஆரம்பகால ஆர்32 கிராங்க் ஷாஃப்ட்டில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் தட்டைப் பகுதி குட்டையானது. லிமிட்டரின் அதிர்ச்சி தொடர்ந்து விழுந்தால் பம்ப்பின் உள் கியர் விரிந்து உடையும், சில நொடிகளில் பேரிங் போகும். அகலமான காலர் போட கிராங்க்கையே கழற்ற வேண்டும், எனவே இன்ஜினை ஒருமுறை பிரிக்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள். அதுவரை லிமிட்டருக்கு 500 ஆர்பிஎம் முன்பே கியர் மாற்றுங்கள்.