வடசென்னையை வழிகாட்டியோடு ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி? முதல்முறை வருபவர்களுக்கு ஒரு செய்முறை

வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சென்னை என்றால் மெரினா, தி.நகர், மயிலாப்பூர். சென்னையிலேயே வருஷக்கணக்காக இருப்பவர்களில் பலரும் கல்யாணப் பத்திரிகை அடிக்கவோ மொத்த விலையில் சாமான் வாங்கவோ பாரிமுனைக்கு வந்ததோடு சரி. ஆனால் மெட்ராஸ் என்கிற ஊர் வளர்ந்த கதை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கேதான் தெருத்தெருவாகக் கிடக்கிறது.

இந்தப் பகுதியை முதல் தடவை பார்க்கும்போது ஒரு வழிகாட்டி இருப்பது நல்லது. காரணம் எளிது. இங்கே முக்கால்வாசி விஷயங்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, இருந்தாலும் அதன் முன்னால் ஒரு மீன்பாடி வண்டி நிற்கும். வழிகாட்டி கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. இந்தச் சுற்றுலா நன்றாக அமைவதும் சொதப்புவதும் நேரக் கணக்கில் இருக்கிறது. கோயில் நடை சாத்தும் நேரம், கடை திறக்கும் நேரம், மாதா கோயில் கேட் மூடும் நேரம் எல்லாம் வேறு வேறு. அதைச் சரியாக அடுக்குவதற்குத்தான் இந்தப் படிகள்.

படி 1: கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும். தெரு காலியாக இருப்பதால் நிமிர்ந்து பார்த்து நடக்கலாம். மாடியில் உள்ள மரக் கைப்பிடி, பழைய தூண், சுவரில் சுண்ணாம்பால் செய்த பூவேலை எல்லாம் கண்ணில் படும். ஆனால் பாரிமுனையை ஒட்டிய இந்த ஜார்ஜ் டவுனின் உயிரே வியாபாரம்தான். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனம், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி என்று தெருவுக்கு ஒரு தொழில். ஞாயிறு வந்தால் அது எதுவும் தெரியாது.

வேலைநாளில் வந்தால் வியாபாரம் தெரியும், நடக்க இடம் இருக்காது. என்னைக் கேட்டால் சனிக்கிழமை. காலை ஏழரைக்குத் தொடங்கினால் முதல் இரண்டு மணி நேரம் தெரு உங்களுடையது. பத்து மணிக்கு மேல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது வியாபாரத்தையும் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெருவில் அந்தோணியாரைக் கும்பிட வரும் கூட்டம் அதிகம், வெள்ளிக்கிழமை காளிகாம்பாள் கோயிலில் நெரிசல். பக்திக்காக வருகிறீர்கள் என்றால் அந்த நாள்களே நல்லவை. கட்டிடம் பார்க்க வருகிறீர்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மே மாதம் வேண்டவே வேண்டாம். ஆகஸ்டில் ஒரு சௌகரியம் உண்டு. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மண்ணைப் பெற்ற நாள் என்று கொண்டாடுகிறார்கள். அதை ஒட்டிய வாரங்களில் ஆர்வலர்கள் நடத்தும் நடைப்பயணங்கள் நிறைய இருக்கும், பல இலவசம். வெயில்தான் கொஞ்சம் படுத்தும்.

படி 2: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பொதுவாக இரண்டு வழி. ஒன்று, குழுவாக அழைத்துப் போகும் நடைப்பயணம். தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், நேரமும் பாதையும் அவர்கள் வைத்ததுதான். இரண்டாவது, சுற்றுலாத் துறை அடையாள அட்டை உள்ள வழிகாட்டியைத் தனியாக அமர்த்துவது. நாலைந்து பேர் சேர்ந்தால் இரண்டாவதே மேல். வயதானவர்கள் இருந்தால் நடையைக் குறைத்துக்கொள்ளலாம், பிடித்த இடத்தில் கூடுதலாக நிற்கலாம்.

பணம் அனுப்பும் முன்னால் போனில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

– விளக்கம் தமிழிலா ஆங்கிலத்திலா? பல நடைகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழில் வேண்டும் என்று முன்பே சொன்னால்தான் கிடைக்கும்.
– எங்கே தொடங்கி எங்கே முடியும்? மொத்தம் எவ்வளவு நடை?
– ஒரு குழுவில் எத்தனை பேர்? கூட்டம் பெரிதானால் பின்னால் நிற்பவருக்கு ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்கும்.
– சாப்பாடு, ஆட்டோ, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தா?
– மழை வந்தால் என்ன செய்வீர்கள்?

அப்புறம் ஒரு சின்னப் பரீட்சை. "காளிகாம்பாள் கோயிலுக்குச் சிவாஜி வந்தது உண்மையா சார்?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். "ஆமா, வந்தார்" என்று அடித்துச் சொல்பவரைவிட, "1677-இல் வந்ததாகக் கோயிலில் சொல்கிறார்கள், அந்த வருஷம் அவர் தெற்கே படையெடுத்து வந்தது மட்டும் வரலாறு" என்று பிரித்துச் சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஊரில் கதைக்குப் பஞ்சமில்லை. எது கல்வெட்டு, எது செவிவழி என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

படி 3: கையில் என்ன, காலில் என்ன

கழற்றி மாட்ட எளிதான செருப்பு. கயிறு கட்டும் ஷூ போட்டால் கோயிலுக்குக் கோயில் குனிந்து நிமிர்ந்தே சலித்துப் போவீர்கள். தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, தொப்பி, தண்ணீர், சில்லறை. கார் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும். மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம், புறநகர் ரயிலில் வந்தால் கடற்கரை நிலையம். வீட்டை விட்டோ ஸ்டேஷனை விட்டோ கிளம்பும் முன் கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். தெருக்களுக்குள் நுழைந்த பிறகு அது சுலபமில்லை.

படி 4: காலை நடை, ஒரு கல்லிலிருந்து தொடங்குங்கள்

வழிகாட்டி வேறு இடத்தில் தொடங்கலாம் என்றாலும், பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டிடத்தின் பக்கத்தில் நிற்கும் எல்லைக்கல்லை முதலில் காட்டச் சொல்லுங்கள். தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் இடம், திரும்பிப் பார்ப்பவர் யாருமில்லை. இந்தக் கல் புரிந்தால் பாதி ஜார்ஜ் டவுன் புரிந்துவிடும்.

கதை இப்படி. கோட்டைக்கு ஒட்டினாற்போல வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் முதலில் இந்தியர்கள் வாழ்ந்த ஊர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அதில் மறைந்து சுடுவான் என்று பயந்து, மிச்சம் இருந்த ஊரையும் அகற்றி வெட்டவெளி ஆக்கினார்கள். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-இல் வரிசையாக எல்லைக் கற்கள் நட்டார்கள். அதில் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். ஊர் வடக்கே தள்ளிப்போய்ப் புதிதாக எழுந்தது. அதற்குத்தான் பின்னால், 20-ஆம் நூற்றாண்டில், ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது.

கல்லைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பினால் உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்கள். 1892-இல் திறந்த கட்டிடம். அதன் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்காகவும் இருந்தது. அதற்கும் முந்தைய விளக்குத் தூண் வளாகத்துக்குள் தனியாக நிற்கிறது. உள்ளே போகப் பாதுகாப்புக் கெடுபிடி உண்டு, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவரில் எம்டன் கப்பல் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு இந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது.

எட்டேகாலுக்குள் தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலுக்குப் போய்விடுங்கள். சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலை பார்த்த நாள்களில் பாரதி வந்துபோன கோயில். தரிசனம் முடிந்து பக்கத்தில் எங்காவது இட்லி, காபி.

ஒன்பதரை மணிக்கு மேல் அரண்மனைக்காரன் தெரு, ஆர்மீனியர் மாதா கோயில். இப்போதிருக்கும் ஆலயம் 1772-இல் கட்டியது. மதியத்துக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால்தான் இதைக் காலையில் வைக்கிறேன். வாசலைத் தாண்டினால் தெருவின் கூச்சல் சட்டென்று அடங்கிவிடும். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். தரையில் நீங்கள் மிதித்து நடக்கும் கற்களில் பல கல்லறைகள், பார்த்து நடங்கள். ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையைக் காட்டச் சொல்லுங்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் நடத்தியவர் அவர், நடத்தியது நம்ம மெட்ராஸில். இந்த ஆலயத்தில் அவசரப்படாதீர்கள். என் கணக்கில் காலை நடையின் சிறந்த இடம் இதுதான்.

அங்கிருந்து வடக்கே மண்ணடிப் பக்கம் பவளக்காரத் தெரு. ஒரு காலத்தில் பவளமும் வைரமும் கைமாறிய தெரு. பழைய வீடுகள் சில திண்ணையும் தேக்குத் தூணுமாக இன்னும் நிற்கின்றன. எட்டிப் பார்க்கும் முன் வாசலில் உள்ளவரிடம், "அண்ணே, உள்ள ஒரு நிமிஷம் பாக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார்கள். கேட்காமல் செல்போனை நீட்டினால் முகம் மாறும், அது நியாயமும்கூட.

பதினொன்றுக்குள் பிராட்வேயைத் தாண்டி மேற்கே, பூக்கடைப் பக்கம் பட்டணம் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். சென்ன கேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். காலையில் பார்த்த கல்லின் மீதிக் கதை இங்கே இருக்கிறது. இந்தக் கோயிலும் முதலில் உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. 1757-இல் இடித்தார்கள். அதற்கு ஈடாகக் கம்பெனி இங்கே நிலம் கொடுத்தது, மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று இரண்டு கோயில்களாக எழுப்பினார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் நடை சாத்திவிடும். பல குழுக்கள் பன்னிரண்டரைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: மதியம்

நடந்தோ ரிக்ஷாவிலோ தங்கசாலைத் தெரு. சௌகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடிச் சாப்பாடு சுத்த சைவம். இடம் பார்த்து உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது இளைப்பாறுங்கள். காக்கடா ராம்பிரசாத் கடையில் சூடாக ஜிலேபி. சர்க்கரை உள்ளவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்ளவும்.

படி 6: ராயபுரம்

மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் உள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது. மும்பையிலும் தாணேயிலும் இருந்த முதல் நிலையங்கள் இன்று இல்லை. அதனால் நாட்டில் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் இதுதான். தூண்களோடு பங்களா மாதிரி இருக்கும், ஆனால் ஈ ஆடாது. இவ்வளவு பெரிய பெருமைக்கு இவ்வளவு சின்ன மரியாதையா என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் பார்சிகளின் அக்னி ஆலயம் உண்டு, 1910-இல் வந்தது. பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலோடு பார்த்துக்கொண்டு நகருங்கள். காசிமேடு மீன் ஏலத்தையும் இதில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது விடியற்காலை வேலை, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சாயங்காலம், இரண்டில் ஒன்று

கால் தாங்கினால் திருவொற்றியூர். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறித் தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜர் கோயில் பக்கம்தான். நாலு மணிக்கு மேல் நடை திறந்திருக்கும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தூங்கானை மாட வடிவில், அதாவது படுத்த யானையின் பின்பக்கம் போல வளைவாக, இருக்கும் மூலக் கருவறையை ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் கட்டிய தச்சனின் பெயரைக்கூடக் கல்வெட்டு விட்டுவைத்திருக்கிறது: ரவி என்ற வீரசோழ தச்சன். வடிவுடையம்மன் சன்னதியைக் கும்பிட்டுவிட்டுக் கடல் பக்கம் நடந்தால் பட்டினத்தார் சமாதி.

கால் தாங்கவில்லையா, பர்மா பஜார் பக்கம் திரும்பி அத்தோ சாப்பிடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் வரும். காரம் வேண்டாம் என்றால் பிசைய ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டிக்குப் பேசிய தொகைக்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். அத்தோ கடை வரை கூடவே வந்தவராக இருந்தால் அவருக்கும் ஒரு தட்டு சொல்லுங்கள்.